இறக்கைக்கு வைத்த பொட்டு

மரக்காணம் சிங்காரத்துக்கு உப்பளம் இருந்தது, லாரிகள் இருந்தன, ஊர் முழுக்கக் கேட்கிற வாயும் இருந்தது. இதெல்லாம் போதாதென்று ஒரு விமானமும் வைத்திருந்தார். பொய்யில்லை, நிஜ விமானம்தான். விமானப்படையில் புதுப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து ஓய்ந்துபோன பழைய பயிற்சி விமானம். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், மூக்கில் ஒரே ஒரு இஞ்சின். அதை ஏலத்தில் எடுத்து வந்து, உப்பளத்துக்கு மேற்கே மேட்டு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். பக்கத்திலேயே மண்ணை ரோலர் விட்டு அடித்து ரன்வேயும் போட்டுக்கொண்டார். ஐம்பது வயதில் சென்னைக்கு அலையோ அலையென்று அலைந்து ஓட்டுகிற லைசென்சும் வாங்கினார். "ஆளுக்கு முத்திப்போச்சு" என்று ஊர் சிரித்தது. முதல் தடவை அந்த விமானம் உப்புக் குவியல்களுக்கு மேலே உறுமிக்கொண்டு போனபோது, அதே ஊர்தான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தது.

அவர் ஓட்டினார், சரி. அது ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது யார்? ஆரோக்கியசெல்வி. முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கிய விமான இஞ்சினியர். சென்னையில் ஒரு பறக்கும் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகிக் கீழ்புத்துப்பட்டுக்கு வந்தவள். அவள் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வரலாம். செல்வி சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. நடுவில் 'பார்க்கலாம்', 'போகப் போகத் தெரியும்' என்கிற வழவழாப் பேச்செல்லாம் அவளிடம் கிடையாது. சொன்ன சொல்லை அவள் மாற்றியதும் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

உப்புக் காற்றில் உலோகம் எதுவும் நிலைக்காது என்பது அந்தப் பக்கத்தில் சைக்கிள் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவை தரை இறங்கியதும் விமானத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பது செல்வியின் சட்டம். "என்னையே என் பொண்டாட்டி இப்படிக் குளிப்பாட்டினது இல்ல" என்று முனகிக்கொண்டே சிங்காரம் ஓஸ் பைப்பைப் பிடிப்பார்.

ஆனால் செல்வியின் கவலை உப்பைவிட சிங்காரத்தின் குட்டிக்கரணத்தின் மேல்தான் இருந்தது. மனிதர் நேராகப் போய் நேராக வர மாட்டார். கழுவேலி ஏரிக்கு மேலே போனதும் மூக்கை மேலே தூக்கி, தலைகீழாகச் சுழன்று, ஒரு முழு வட்டம் அடித்துத்தான் திரும்புவார். அப்படி வட்டம் அடிக்கும்போது விமானத்தின் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை இறக்கை சுமக்க வேண்டியிருக்கும். இறக்கைக்குள் நீளவாக்கில் ஒரு உத்தரம் ஓடுகிறது. அது உடலோடு சேருகிற இடத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பெரிய போல்ட்டுகள். பாரம் எல்லாம் வந்து இழுப்பது கீழ் போல்ட்டு இருக்கிற மூட்டைத்தான். படையில் இருந்தவரைக்கும் இதையெல்லாம் கண்காணிக்க ஒரு கூட்டமே இருந்தது. இறக்கைக்கு வயதாகிவிட்டால் யோசிக்காமல் கழற்றி ஓரம் கட்டினார்கள். தனி ஆள் கைக்கு வந்தபிறகு, அந்த மூட்டுக்கு செல்வியை விட்டால் நாதியில்லை.

சுனாமி வந்த அடுத்த வருஷம், நவராத்திரி சமயத்தில், செல்வியின் காதுக்கு ஒரு செய்தி வந்தது. இதே ரக விமானம் ஒன்று வெளிநாட்டில் எங்கேயோ குட்டிக்கரணம் அடிக்கும்போது இறக்கை முறிந்து விழுந்துவிட்டதாம். முறிந்த இடம் அந்தக் கீழ் மூட்டு. அதே வாரத்தில்தான் சிங்காரம் வாயெல்லாம் பல்லாகக் கொட்டகைக்குள் வந்தார்.

"செல்வி, உங்க அக்கா ஒத்துக்கிட்டாம்மா!"

அக்கா என்றால் வசந்தா, சிங்காரத்தின் மனைவி. விமானம் வந்த நாளிலிருந்து அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "எனக்குத் தரைதான் வசதி" என்று அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். பயம்தான் காரணம், அதை அவள் மறைக்கவும் இல்லை. இப்போது என்ன தோன்றியதோ, விஜயதசமி அன்றைக்கு ஏறுகிறேன், ஒரே ஒரு தடவை, அப்புறம் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சிங்காரத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீக்கடை, பெட்ரோல் பங்க், உப்பு மண்டி என்று போன இடமெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார்.

செல்வி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "ரொம்ப சந்தோஷம்ண்ணா. ஆனா அந்தக் கீழ் மூட்டத் தொறந்து பாக்காம அக்காவ ஏத்த விட மாட்டேன்."

"பாரு, நல்லாப் பாரு. யார் வேணாம்னா? விஜயதசமிக்கு ரெடியா இருந்தாப் போதும்."

சோதனை ஒன்றும் கடினமானது இல்லை. மூன்று டப்பா மருந்து. முதலில் ஒன்றை அடித்து மூட்டை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து சிவப்புச் சாயத்தை அடித்து ஊற விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு மூன்றாவது டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை அடித்தால், உள்ளே ஒளிந்திருக்கும் சாயம் ஊறி வெளியே வரும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது. சிவப்பாகக் கோடு தெரிந்தால் ஆபத்து. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

செல்வி மூட்டை மூடியிருந்த தகடுகளைத் திறந்து வைத்த மறுநாள் ஆயுத பூஜை. கொட்டகையில் பூஜை என்றால் அது தெய்வசிகாமணியின் ராஜ்ஜியம். மீன்பிடி போட்டுகளுக்கு இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது இங்கே செல்விக்குக் கையாள். பக்திமான். காலையிலேயே குளித்து முழுகி, சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். புரொபெல்லர், டயர், ஸ்பேனர், ஏணி, தீயணைக்கிற சிலிண்டர், செல்வியின் மொபெட், ஒன்றையும் விடவில்லை. கொஞ்சம் அசையாமல் நின்றிருந்தால் செல்விக்கும் வைத்திருப்பார்.

"தெய்வம், என் டூல் பாக்சுக்கும் வெச்சிட்டியா? எனக்கு மாதா இருக்காங்கப்பா."

"மாதா கோச்சிக்க மாட்டாங்க மேடம். டூலுக்கு ஏது மதம்?"

பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை தின்று முடித்து, செல்வி தன் டப்பாக்களை எடுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் போனாள். சிங்காரமும் பின்னாலேயே வந்து குனிந்துகொண்டார். வலது மூட்டு வெள்ளையாகவே நின்றது. இடது மூட்டில் பொடியை அடித்துவிட்டுப் பார்த்தால், போல்ட்டுக்குப் பக்கத்தில், முடி போல மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

செல்வி அதன் மேல் டார்ச் அடித்துப் பார்த்தாள். "அண்ணா, இதுல கிராக் இருக்குது."

"கிராக்கா? உனக்குத்தான் கிராக்!" சிங்காரம் நிமிர்ந்த வேகத்தில் தலை இறக்கையில் இடித்தது. "போன வாரம்கூட மூணு கரணம் போட்டேன். கிண்ணுன்னு இருந்துது!"

பின்னால் தெய்வசிகாமணி நெளிந்துகொண்டு நின்றார். வேட்டி நுனியைத் திருகினார். "மொதலாளி... மேடம்... திட்டாதீங்க. காலைல அந்த எடத்துக்கும் பொட்டு வெச்சேன். மேடம் டப்பா எடுத்தாறதப் பாத்துட்டு ஈரத் துணியால தொடச்சிட்டேன்."

"உள்ள எதுக்குய்யா பொட்டு வெச்ச?" என்று செல்வி கத்தினாள்.

"மொத்த பாரத்தையும் தாங்குற எடம்னு நீங்கதான சொன்னீங்க? அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கிறது?"

செல்விக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சிங்காரமோ துள்ளிக் குதித்தார். "குங்குமம்மா! நம்ம குங்குமம்! அதப் போய்க் கிராக்னு சொல்லி என் உசுர வாங்கிட்டியே!"

குங்குமம் பட்ட இடத்தில் செய்த சோதனையை நம்ப முடியாது, அது நிஜம். நல்ல இஞ்சினியர் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செல்வியும் செய்தாள். முதலிலிருந்து மறுபடி செய்வதென்று முடிவு செய்தாள். அதற்குள் வசந்தா வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு ஆள் மேல் ஆள் வந்துவிட்டது. செல்வி கையைத் துடைத்துக்கொண்டே, "தெய்வம், அந்த எடத்த நல்லா தேச்சி எடுத்து வை. சாப்ட்டு வந்து திருப்பிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் மனதில் நினைத்தது, முதல் டப்பா மருந்தில் துணியை நனைத்துத் தேய்ப்பதை. அதை வாய் திறந்து சொல்லவில்லை.

சாப்பிட்டு வந்து, இறக்கைக்கு அடியில் இருந்த மங்கலில் மறுபடி சாயம் அடித்தாள், ஊற விட்டாள், துடைத்தாள், வெள்ளை அடித்தாள். காத்திருந்தாள். பளிச்சென்று வெள்ளை. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"கிளியர்" என்றாள்.

சிங்காரம் அவளைத் தூக்கிச் சுற்றாத குறைதான். தகடுகளை மூடுவதும் கையெழுத்தும் மறுநாள் காலையில் என்று வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். செல்வி நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விஜயதசமி காலையில் மழை இல்லை, வாடைக் காற்றும் அடங்கிக் கிடந்தது. பறப்பதற்கென்றே செய்து வைத்தது போல ஒரு நாள். கொட்டகையின் கிழக்குக் கதவைத் திறந்ததும் வெயில் நேராக இறக்கைக்கு அடியில் விழுந்தது. முந்தின நாள் பொடியை ஒரு துணியால் துடைத்துவிட்டு, தகட்டை மூடப் போன செல்வியின் கை அப்படியே நின்றது. இடது மூட்டு மின்னியது. சும்மா மின்னவில்லை, முகம் பார்க்கலாம் போல இருந்தது. வலது மூட்டு வயதுக்கு ஏற்ற மங்கலோடு சாதுவாக இருக்க, இது மட்டும் புதுப் பெண்ணாக ஜொலித்தது.

"தெய்வம், நேத்து இத எதப் போட்டுத் தேச்ச?"

தெய்வசிகாமணி முகம் மலர்ந்தது. "புளியும் செங்கல் பொடியும் மேடம். மொத்தப் புளியையும் போட்டு அழுத்தித் தேச்சேன். எங்கூட்டு குத்துவெளக்குகூட இப்படி வராது."

செல்வி ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூட்டு அலுமினியம், மெத்தென்ற உலோகம். செங்கல் பொடியைப் போட்டு அழுத்தித் தேய்த்தால், மேல் பரப்பு இழுபட்டு, இருக்கிற விரிசலின் வாயையும் சேர்த்து மூடிவிடும். வாய் மூடினால் சாயம் எப்படி இறங்கும்? சுவரில் உள்ள வெடிப்பின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டு வெடிப்பே இல்லை என்று சொன்ன கதையாகிவிட்டது. நேற்று அவள் பார்த்த வெள்ளைக்கு அர்த்தமே கிடையாது.

"நல்லாத் தேய்க்கலையா மேடம்?"

"நல்லாத்தான் தேச்ச. 'தேச்சி எடு'ன்னு சொன்னவ நான். எதப் போட்டுன்னு சொல்லல. தப்பு என்னோடது, உன்னோடது இல்ல." அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விஜயதசமிக்காகப் புதிதாக வைத்த பொட்டு அவர் நெற்றியில் அளவெடுத்த மாதிரி இருந்தது. "ஆமா, நேத்து இதுக்குப் பொட்டு எப்படி வெச்ச?"

"எப்பவும் போலத்தான். மோதிர விரலால சந்தனம், அதுமேல குங்குமம்."

"வட்டமாவா?"

"பின்ன? பொட்டு வட்டமாத்தான மேடம் இருக்கும்?"

அவ்வளவுதான். வட்டமாக வைத்த பொட்டு கோடாக எப்படி நிற்கும்? துடைத்த துணி மொத்தத்தையும் எடுத்துவிட்டு ஒரு கோட்டை மட்டும் விட்டுவைத்தது என்றால், துணி எட்டாத ஒரு பள்ளம் அங்கே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதில் நின்றது குங்குமமா சாயமா என்று நேற்று எல்லாரும் சண்டை போட்டோம், எதில் நின்றது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒருவேளை அந்தப் பள்ளம் வெறும் கீறலாகக்கூட இருக்கலாம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருத்தன் கையிலிருந்து ஸ்பேனர் வழுக்கிக் கீறியிருக்கலாம். கீறலா விரிசலா என்று இனி வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

வழி ஒன்றுதான் இருந்தது. அந்தப் போல்ட்டை உருவி, ஓட்டையின் உள் சுவரைப் பார்ப்பது. அங்கே புளியும் போகவில்லை, செங்கல் பொடியும் போகவில்லை. ஆனால் அதற்கு இறக்கையைத் தாங்கு கொடுத்து நிறுத்த வேண்டும், பெட்ரோலை இறக்க வேண்டும், பிறகு எல்லாவற்றையும் பழையபடி பொருத்திச் சரிபார்க்க நாள் கணக்கில் ஆகும். அதாவது, போல்ட்டை உருவினால் உள்ளே விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வசந்தா இன்றைக்கு ஏற முடியாது. இன்றைக்கு விட்டால் அவள் மறுபடி சம்மதிப்பாளா என்பது சந்தேகம். ஒன்றும் இல்லாமல் போனால், ஒரு மனிதனின் இத்தனை வருஷ ஆசையை செல்வி வீணாகக் கெடுத்தவளாவாள். அதோடு, நேற்று 'கிளியர்' என்று சொன்ன வாயால் இன்று இல்லை என்று சொல்ல வேண்டும்.

அவள் தண்ணீர் குடித்தாள். எழுந்தாள்.

"தெய்வம், ரெண்டு ஸ்டாண்ட இழுத்துட்டு வா. இடது றெக்கைக்கு அடில போடு. பெட்ரோல எறக்கு."

"மொதலாளி வர்ற நேரம் மேடம்..."

"வரட்டும்."

முதலாளி வந்தார். பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ், கழுத்தில் பூமாலை போடாததுதான் பாக்கி. கூடவே வசந்தா, அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, முகத்தில் பயத்தை மறைக்க ஒரு சிரிப்பு. சிங்காரம் இறக்கைக்கு அடியில் நின்ற ஸ்டாண்டைப் பார்த்தார், கேன்களில் இறங்கியிருந்த பெட்ரோலைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"இன்னாம்மா இது?"

செல்வி சுற்றி வளைக்கவில்லை. புளி, செங்கல் பொடி, மூடின வாய், வட்டப் பொட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "நேத்து கிளியர்னு சொன்னேன். அது தப்பு. இன்னைக்கி மாத்திச் சொல்றேன். எனக்குத் தெரியாது. தொறந்து பாத்தாதான் தெரியும்."

"தொறந்து பாத்து ஒண்ணும் இல்லன்னா?"

"இல்லன்னா சந்தோஷம்."

"யாருக்குச் சந்தோஷம்? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்! இவ ஒருத்திய ஒத்துக்க வெக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "இது என் பிளேன். மூடு அத. பெட்ரோல ஊத்து."

"உங்க பிளேன்தான்ண்ணா. கையெழுத்து என்னுது."

சிங்காரம் மூச்சு வாங்கினார். வியாபாரி அல்லவா, கத்தி நடக்காததைப் பேசி நடத்தப் பார்த்தார். குரல் இறங்கியது. "சரிம்மா. கரணம் கிரணம் ஒண்ணும் கெடையாது. டவுன் பஸ் மாதிரி நேராப் போறேன், உப்பளத்த ஒரு சுத்து காட்டிட்டு நேரா வர்றேன். அதுக்குக்கூட ஆகாதா? போன வாரம் மூணு கரணம் தாங்கின றெக்கை இன்னைக்கி ஒரு சுத்துக்குத் தாங்காதா?"

நியாயமான பேச்சுதான். செல்வியே ஒரு நிமிஷம் தடுமாறினாள். நேராகப் போனால் மூட்டுக்கு அவ்வளவு பாரம் கிடையாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வசந்தாவின் தலையில் இருந்த பூவையும், அந்த மனிதரின் கண்ணில் இருந்த கெஞ்சலையும் பார்த்தபோது அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அவர் தாங்கும் என்கிறார், அவள் தாங்காமல் போகலாம் என்கிறாள், மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் ஒரு பெண்ணை உட்கார வைத்து வானத்துக்கு அனுப்ப அவளால் முடியவில்லை.

"முடியாதுண்ணா."

வசந்தா கிட்டே வந்தாள். "செல்வி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்ப இதுல நீ ஏறுவியா?"

"ஏற மாட்டேங்க்கா."

வசந்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலை கசங்காமல் உட்கார்ந்துகொண்டாள். "அப்பத் தொறங்க. நான் எங்கியும் போகல."

"ஏய், நீ இவ கூடச் சேர்ந்துக்கினு..."

"நான்தான ஏறப் போறவ? கொஞ்சம் சும்மா இருங்க."

சிங்காரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றார். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே செல்வியும் தெய்வசிகாமணியும் வேலையில் இறங்கினார்கள். நட்டு முரண்டு பிடித்தது, எண்ணெய் விட்டுக் கெஞ்சி, நீளப் பைப்பைச் செருகி மிரட்டி ஒருவழியாகக் கழற்றினார்கள். போல்ட்டு அதைவிட அழுத்தக்காரனாக இருந்தது. மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி நகர்த்தினார்கள். வசந்தா யாரும் கேட்காமலே டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வந்து சரியத் தொடங்கியபோது போல்ட்டு வழுக்கிக்கொண்டு தெய்வசிகாமணியின் கையில் விழுந்தது.

செல்வி இந்தத் தடவை யாரையும் எதையும் தேய்க்க விடவில்லை. ஓட்டையின் உள் சுவரைத் தானே மருந்து போட்டுத் துடைத்தாள், தானே சாயம் பூசினாள். அது ஊறும்வரை காத்திருந்தாள். சிங்காரம் வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டிருந்தார். அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. அங்காளம்மனிடம் என்ன கேட்டாரோ, விரிசல் இருக்கக் கூடாது என்று கேட்டாரா, இருக்க வேண்டும் என்று கேட்டாரா, அவருக்கே தெரிந்திருக்காது.

துடைத்தாள். வெள்ளை அடித்தாள்.

வெகு நேரம் காத்திருக்க வேண்டிய தேவையே வரவில்லை. பொடி காய்வதற்கு முன்பே சிவப்பு தெரிந்தது. இந்தத் தடவை முடி போல இல்லை. நல்ல பட்டையாக, ஓட்டையின் இந்த விளிம்பிலிருந்து உள்ளே இறங்கி, சுவரோடு வளைந்து போய், அந்தப் பக்க விளிம்பை எட்டிப் பிடிக்க இன்னும் ஒரு நகக்கண் அகலம்தான் பாக்கி. தெய்வசிகாமணி "ஐயோ சாமி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

செல்விக்கு அது சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்தது. நேற்று 'கிளியர்' என்று சொன்னது இதற்கா என்று இன்னொரு பக்கம் குலை பதறியது.

சிங்காரம் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி கேட்டார். "இன்னும் எத்தினி தடவை தாங்கியிருக்கும் செல்வி?"

எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வைத்திருக்கிற செல்வி இதற்கு மெதுவாகத்தான் சொன்னாள். "தெரியாதுண்ணா. நேராப் போனா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். கரணம் போட்டிருந்தா..." அவள் முடிக்கவில்லை.

"அதான் நேராப் போறேன்னு சொன்னாரே" என்றாள் வசந்தா.

சிங்காரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டு வேட்டியில் எண்ணெய் ஏறியது, அவர் கவனிக்கவில்லை. கூலிங் கிளாசைக் கழற்றினார்.

"நேராப் போறதா இல்ல வசந்தா" என்றார். "கழுவேலி மேல போனதும் உன்ன வெச்சு ஒரு கரணம் போடணும்னுதான் இருந்தேன். செல்விகிட்டப் பொய் சொன்னேன். உங்கிட்டயும் சொல்லல. சொன்னா ஏற மாட்டியேன்னு..."

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வசந்தாவைப் பார்த்தார்கள். திட்டுவாள், அழுவாள், எழுந்து வீட்டுக்குப் போவாள் என்று செல்வி நினைத்தாள். வசந்தா டார்ச்சை அணைத்தாள். அந்தச் சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேங்க" என்றாள். "நீங்க ஓட்டறீங்கன்னுதான ஏறவே ஒத்துக்கிட்டேன்."

சிங்காரம் உடைந்தார். ஊர் முழுக்கக் கேட்கிற அந்த வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். வசந்தா பட்டுச் சேலையோடு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். தெய்வசிகாமணி வேறு பக்கம் திரும்பித் தன் கண்ணைத் துடைத்தார். செல்வி டப்பாக்களை மூடி ஒழுங்காக எடுத்து வைத்தாள்.

அழுது முடித்த சிங்காரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். யாரிடமும் சொல்லாமல், மீதியிருந்த ஒரு ஸ்டாண்டைத் தானே கரகரவென்று இழுத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வலது பக்கம் போனார்.

"ஏம்மா செல்வி, இந்த றெக்கையையும் தொற."

"அது நேத்தே வெள்ளையாத்தான் இருந்துதுண்ணா. அதுல யாரும் கை வெக்கல."

"பரவால்ல" என்றார் சிங்காரம். "தொற."

செல்வி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.